ஏற்காட்டுத் தங்கும் வீடு, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடை: அனலிட்டிக்ஸ் பார்த்து ஆன்லைன் விளம்பரத்தைத் திருத்துவது எப்படி?

சேலத்திலும் ஏற்காட்டிலும் சிறு தொழில் நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து ஆன்லைன் விளம்பரக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. தங்கும் வீடு, காப்பித்தூள், மிளகு, வெள்ளிக் கொலுசு என்று சரக்கு மாறும். புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் மட்டும் மாறாது. அனலிட்டிக்ஸ் என்பது வலைத்தளத்துக்கு யார், எங்கிருந்து வந்து, என்ன செய்தார்கள் என்று எண்ணிக் காட்டும் கூகுளின் கருவி. அதைத் திறந்த கையோடு ரிப்போர்ட்டுக்குள் போய்விடுகிறார்கள். அது ஏழாவது படியில் வர வேண்டிய வேலை. முன்னால் உள்ள ஆறையும் தாண்டிப் போனால், அங்கே தெரிகிற எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

இந்த வழிகாட்டியில் பெரும்பாலும் ஒரே உதாரணத்தைத்தான் பிடித்துக்கொள்கிறேன். ஏற்காட்டில் நான்கு அறைகள் கொண்ட ஒரு ஹோம்ஸ்டே. சொந்த வலைத்தளம், இன்ஸ்டாகிராம் பக்கம், கூகுள் பிசினஸ் புரொஃபைல், ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் நம்பர், இவ்வளவுதான் கையிருப்பு. உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் வரிசை இதேதான்.

1. சாவி யார் கையில் இருக்கிறது?

ஜிஏ4 (இப்போதைய கூகுள் அனலிட்டிக்ஸ்), சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டுவது), பிசினஸ் புரொஃபைல் (கூகுள் மேப்பில் உங்கள் தொழில் தெரியும் பக்கம்) மூன்றும் தொழில் நடத்துகிறவரின் சொந்த ஜிமெயிலில் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரத்துக்கான மெட்டா கணக்கும் அவர் பெயரில் இருக்க வேண்டும். ஜிஏ4-இல் 'அட்மினிஸ்ட்ரேட்டர்', சர்ச் கன்சோலில் 'ஓனர்', பிசினஸ் புரொஃபைலில் 'பிரைமரி ஓனர்' என்று அவர் பெயர் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

வலைத்தளம் செய்து கொடுத்தவர் தன் ஜிமெயிலிலேயே எல்லாவற்றையும் தொடங்கிவிட்டு, பிறகு தொடர்பே இல்லாமல் போன கதையை நான் ஒன்றுக்கு மேல் பார்த்துவிட்டேன். கடைக்காரருக்குத் தன் கடையின் பழைய கணக்கைப் பார்க்கும் உரிமைகூட இல்லை. புதிதாகத் தொடங்கினால் போன வருடத்தோடு ஒப்பிட எதுவும் இருக்காது. வெளியாள் வேலை பார்ப்பதில் தவறில்லை. ஜிஏ4-இல் அவரை 'எடிட்டர்' ஆகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்.

இதோடு ஒரு கோடு போட்ட நோட்டும் வேண்டும். அது எதற்கென்று பத்தாவது படியில் தெரியும்.

2. எண்ணைப் பார்க்கும் முன் முடிவை எழுதுங்கள்

அந்த ஹோம்ஸ்டே அக்கா முதல் நாள் என்னிடம் கேட்டது இது: "எத்தனை பேர் நம்ம பக்கத்தைப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சா போதும் தம்பி."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்கக்கா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சனி, ஞாயிறு பிரச்சினை இல்லைங்க தம்பி, ரூம் ரொம்பிடுது. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் காலியாத்தான் கிடக்குது. அதுக்கு யாரைக் கூப்பிடறதுன்னுதான் தெரியல."

அனலிட்டிக்ஸிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதினோம். ஒன்று: வார நாளுக்கான என்கொயரி எந்த வழியில் அதிகம் வருகிறதோ, அடுத்த மாத விளம்பரப் பணத்தில் பாதியை அங்கே மாற்றுவோம். இரண்டு: ரேட் பக்கம் வரை வந்துவிட்டு வாட்ஸ்அப்பைத் தொடாமல் போகிறவர்கள் அதிகம் என்றால், விளம்பரத்தைத் தொடாமல் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதுவோம்.

"இந்த எண் இப்படி வந்தால் நான் இதைச் செய்வேன்" என்று முடியாத வரியை எழுதாதீர்கள். எண் வந்த பிறகு முடிவைத் தேடினால், ஏற்கெனவே மனதில் இருக்கும் ஆசைக்கு ஏற்ற எண்ணைத்தான் கண் பொறுக்கும்.

3. ஜிஏ4-இல் முதலில் சரிசெய்ய வேண்டியவை

ஒரு எச்சரிக்கை: பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை வாங்குவதை நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய யூடியூப் பாடங்கள் பலவற்றில் இருக்கும் மெனு இப்போது கிடையாது. அதைத் தேடி ஒரு மாலைப் பொழுதை வீணாக்க வேண்டாம்.

'அட்மின்' பகுதியில் நேர மண்டலத்தை இந்தியாவுக்கும் நாணயத்தை ரூபாய்க்கும் மாற்றுங்கள். அமெரிக்க பசிபிக் நேரத்தில் விட்டுவிட்டால், நம் ஞாயிறு காலை அங்கே சனி இரவு. வாரக்கடைசியை நம்பியிருக்கும் ஏற்காட்டுத் தொழிலுக்கு இந்த ஒரு பிழையே போதும், நள்ளிரவிலிருந்து நண்பகல் தாண்டும் வரை வந்தவை எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும். இன்றைக்கு மாற்றினால் இனி வரும் தரவுதான் சரியாகும், பழையது அப்படியே கிடக்கும். அதனால்தான் இது மூன்றாவது படி.

அடுத்து 'டேட்டா ரிடென்ஷன்', அதாவது தரவை எத்தனை மாதம் வைத்திருப்பது என்பது. தொடக்கத்தில் 2 மாதம் என்று இருக்கும். 14 மாதம் ஆக்குங்கள். நாமே ரிப்போர்ட் அமைத்துப் பார்க்கும் 'எக்ஸ்ப்ளோர்' பகுதியில் இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடு வைத்துப் பார்க்க வேறு வழியில்லை.

மூன்றாவது, வீட்டிலும் ஆபீஸிலும் இருந்து நாமே திறந்து பார்ப்பதைக் கணக்கிலிருந்து நீக்குவது. 'டிஃபைன் இன்டர்னல் டிராஃபிக்' என்ற இடத்தில் உங்கள் பிராட்பேண்ட் இணைப்பின் ஐபி எண்ணை (இணையத்தில் அந்த இணைப்பின் அடையாள எண்) கொடுங்கள். அதோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். 'டேட்டா ஃபில்டர்ஸ்' பகுதிக்குப் போய் அந்த ஃபில்டரை 'டெஸ்டிங்' நிலையிலிருந்து 'ஆக்டிவ்' நிலைக்கு மாற்றினால்தான் அது வேலை செய்யும். ஐபி எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். ஃபில்டர் தள்ளிய தரவு திரும்பி வராது. மொபைல் டேட்டாவின் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் போனுக்கு இது உதவாது. "சும்மா வாட்ஸ்அப் பட்டனை அமுக்கிப் பாக்காதீங்க" என்று வீட்டில் சொல்லி வைப்பதுதான் அதற்கு வழி.

4. எது நடந்தால் உங்களுக்கு லாபமோ, அதை மட்டும் எண்ணுங்கள்

தளத்தில் வருகிறவர் செய்யும் ஒவ்வொரு செயலும் ஜிஏ4-இல் ஓர் 'ஈவென்ட்'. அதில் உங்களுக்கு லாபமானதற்குப் பெயர் 'கீ ஈவென்ட்'. 2024-க்கு முன் 'கன்வெர்ஷன்' என்று இருந்தது. நம் ஊர்ச் சிறு தொழில்களில் வலைத்தளத்திலேயே பணம் கட்டுகிறவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், அல்லது போன் போடுகிறார்கள். ஆகவே எண்ண வேண்டியவை அந்த இரண்டுதான்.

வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குங்கள். ஜிஏ4-இன் தானியங்கி அளவீடான 'என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்' இயங்கிக்கொண்டிருந்தால், வெளித்தளத்துக்குப் போகும் லிங்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் 'கிளிக்' என்ற ஈவென்ட் தானாகப் பதிவாகும். அதில் வாட்ஸ்அப்புக்குப் போனவற்றை மட்டும் பிரிக்க, 'ஈவென்ட்ஸ்' பகுதியில் புதிய ஈவென்ட் ஒன்றை உருவாக்குங்கள். நிபந்தனை இரண்டு: ஈவென்ட் பெயர் 'கிளிக்', லிங்க் முகவரியில் உங்கள் பட்டன் பயன்படுத்தும் வாட்ஸ்அப் முகவரி. இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. வாட்ஸ்அப் லிங்க் இரண்டு வடிவில் வரும், குறுமுகவரியாகவும் நீண்ட ஏபிஐ முகவரியாகவும். குறுமுகவரியில் 'வாட்ஸ்அப்' என்ற சொல்லே இருக்காது. உங்கள் பட்டனில் எது இருக்கிறது என்று லிங்கை காப்பி செய்து பார்த்துவிட்டு நிபந்தனையை எழுதுங்கள். புதிய ஈவென்டுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வைத்து, அதைக் 'கீ ஈவென்ட்' என்று குறியுங்கள்.

போன் நம்பரைத் தொடுவது இப்படித் தானாகப் பதிவாகாது, ஏனென்றால் அது இன்னொரு தளத்துக்குப் போகும் லிங்க் இல்லை. தளத்தில் இப்படிப்பட்ட பதிவுகளைச் சேர்க்க உதவும் கூகுள் டேக் மேனேஜரில், லிங்கைத் தொட்டால் இயங்கும் 'லிங்க் கிளிக் டிரிகர்' ஒன்று வைத்து, முகவரி 'டெல்' என்று தொடங்கினால் ஈவென்ட் அனுப்பச் சொல்ல வேண்டும். அரை மணி நேர வேலை. நடுத்தர வயதுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் தட்டுவதைவிட நேரே கூப்பிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன், ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முடித்ததும் உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டு (வீட்டு இணைப்பை ஃபில்டர் தள்ளிவிடும்) பட்டனை ஒருமுறை அமுக்கி, 'ரியல்டைம்' ரிப்போர்ட்டைப் பாருங்கள். சில நிமிடங்களில் வரவில்லை என்றால், அந்தப் பட்டன் உண்மையில் லிங்க் இல்லாமல், ஒரு பிளகின் ஜாவாஸ்கிரிப்ட்டில் திறக்கும் சன்னலாக இருக்கலாம். பட்டனைச் சாதாரண லிங்காக மாற்றிவிடுவது எளிது.

இதற்கு மேல் ஒரு சின்ன வேலை. வாட்ஸ்அப் லிங்கில் முன்கூட்டியே ஒரு செய்தியை நிரப்பி வைக்கலாம். ரேட் பக்கத்துப் பட்டனில் "வணக்கம், ரேட் பார்த்தேன்" என்றும், அறைப் படங்கள் உள்ள பக்கத்தில் "வணக்கம், ரூம் படம் பார்த்தேன்" என்றும் வைத்துவிட்டால், எந்தப் பக்கம் ஆளைக் கொண்டுவந்தது என்று வரும் செய்தியிலேயே தெரிந்துவிடும்.

பக்கத்தைத் திறப்பது, கீழே வரை உருட்டுவது போன்றவற்றையும் கீ ஈவென்ட் ஆக்காதீர்கள். எண் பெரிதாகத் தெரியும். அதையே விளம்பரத்தின் இலக்காகவும் கொடுத்தால், மெட்டா, கூகுள் விளம்பரங்களும் அந்த மலிவான செயலைச் செய்யும் ஆட்களையே தேடிக் கொண்டுவரும்.

5. வெளியே அனுப்பும் ஒவ்வொரு லிங்குக்கும் அடையாளம் வையுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையில் ரிப்போர்ட்டைத் திறந்தபோது, வந்தவர்களில் பெரும்பகுதி 'டைரக்ட்', அதாவது நேரடியாக வந்தவர்கள், என்று காட்டியது. "எல்லாருக்கும் நம்ம கடை பேர் தெரிஞ்சிருக்குதுங்க" என்று உரிமையாளர் மகிழ்ந்தார். அவர் தினமும் காலையில் புது டிசைன் படத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வியாபாரிகள் குரூப்பிலும் லிங்க் போடுகிறவர். வாட்ஸ்அப் செயலிக்குள்ளிருந்து திறக்கும் லிங்க் எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அனலிட்டிக்ஸ் அதை 'டைரக்ட்' கணக்கில் போட்டுவிடும். அவர் ஸ்டேட்டஸுக்குச் செலவழித்த உழைப்பின் பலன் வேறு பெயரில் ஒளிந்திருந்தது.

இதைத் தீர்ப்பது யுடிஎம். லிங்கின் வாலில் சோர்ஸ் (எந்த இடம்), மீடியம் (எந்த வகை வழி), கேம்பெய்ன் (எந்தப் பிரசாரம்) என்று மூன்று சொல் சேர்ப்பது. கூகுளின் கேம்பெய்ன் யூஆர்எல் பில்டர் இதை இலவசமாகச் செய்து தரும். கவனிக்க வேண்டியவை இவை.

எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கட்டும். பெரிய எழுத்தில் தொடங்கும் இன்ஸ்டாகிராமும் சிறிய எழுத்தில் தொடங்கும் இன்ஸ்டாகிராமும் ஜிஏ4-க்கு இரண்டு வேறு ஊர்கள்.

மீடியத்தில் இஷ்டப்பட்ட சொல்லை வைக்காதீர்கள். பணம் கட்டாத பதிவுக்கு 'சோஷியல்', பணம் கட்டிய மெட்டா விளம்பரத்துக்கு 'பெய்ட்' என்று தொடங்கும் சொல், இப்படி ஜிஏ4 அறிந்த சொல்லே வேண்டும். 'ஸ்டேட்டஸ்' என்று வைத்தால் அது 'அன்அசைன்டு' (எந்த வகையிலும் சேராதவை) கூடைக்குள் போய் விழலாம். ஸ்டேட்டஸ், குரூப் வித்தியாசத்தைக் கேம்பெய்ன் பெயரில் காட்டுங்கள்.

பிசினஸ் புரொஃபைலில் உள்ள வலைத்தள லிங்குக்கும் யுடிஎம் போடுங்கள். சோர்ஸ் 'கூகுள்', மீடியம் 'ஆர்கானிக்', கேம்பெய்ன் பெயரில் மேப் என்று தெரியும்படி ஒரு சொல். இல்லையென்றால் மேப்பில் பார்த்து வந்தவரும் சாதாரணத் தேடலில் வந்தவரும் கலந்துவிடுவார்கள்.

கூகுள் விளம்பரத்துக்கு, கூகுளே அடையாளம் சேர்த்துவிடும் 'ஆட்டோ டேகிங்' இருந்தால் போதும். உங்கள் தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்கில் யுடிஎம் போடவே கூடாது, அது ஆள் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற தகவலைக் குழப்பிவிடும். வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர் எதையும் லிங்கில் சேர்க்காதீர்கள். கூகுளின் விதியும் அதைத் தடுக்கிறது.

பயன்படுத்தும் சொற்களை ஒரு கூகுள் ஷீட்டில் எழுதி வையுங்கள். லிங்க் போடுகிற எல்லாரும் அதிலிருந்தே எடுக்கட்டும்.

6. காத்திருங்கள்

ஜிஏ4 தரவு முழுமையாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். காலையில் விளம்பரம் போட்டு மாலையில் நிறுத்துவது கூடாது. குறைந்தது நான்கு முழு வாரம் எதையும் மாற்றாமல் விடுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும், ஆனால் அதை இணைத்த பிறகுதான் சேர்க்கத் தொடங்கும் என்பதால் இன்றே இணைத்துவிடுங்கள்.

7. இப்போது ரிப்போர்ட், அதுவும் பின்னாலிருந்து முன்னால்

முதலில் கீ ஈவென்ட் எத்தனை என்று பாருங்கள். பிறகு 'டிராஃபிக் அக்விசிஷன்' ரிப்போர்ட்டில் அவை எந்த சோர்ஸ், மீடியத்திலிருந்து வந்தன என்று பாருங்கள். அதன்பின் 'லேண்டிங் பேஜ்', அதாவது ஆள் முதலில் வந்து இறங்கிய பக்கம். மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பது கடைசி. விளைவிலிருந்து பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு கட்டத்திலும் பாதி வரிகள் தேவையில்லாமல் உதிரும். கூட்டத்திலிருந்து தொடங்கினால் எல்லா வரியும் முக்கியமாகத் தெரியும்.

ஒரு வழியில் ஆள் நிறைய வந்தும் என்கொயரி இல்லையா? அந்த வரியின் 'எங்கேஜ்மென்ட் ரேட்' பாருங்கள். 10 விநாடிக்கு மேல் இருந்தது, இரண்டு பக்கமாவது பார்த்தது, கீ ஈவென்ட் செய்தது, இதில் ஒன்று நடந்தால் அது 'எங்கேஜ்டு' வருகை. அந்த விகிதம் தாழ்ந்திருந்தால் விளம்பரம் சொன்னதும் பக்கம் காட்டுவதும் பொருந்தவில்லை என்று பொருள். ஹோம்ஸ்டே அக்காவின் ரீல்ஸில் ஏரியும் படகும் பனிமூட்டமும் ஓடும். வீடோ ஏரியிலிருந்து தள்ளி, காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஏரிக்கரை அறையை எதிர்பார்த்து வந்தவர் காப்பிச் செடியைப் பார்த்ததும் போய்விடுகிறார். வீட்டுத் திண்ணையையும் தோட்டத்தையும் எடுத்து ரீல்ஸ் போடச் சொன்னேன்.

அடுத்து சர்ச் கன்சோல். என்ன சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்பது இங்கேதான் இருக்கிறது. 'இம்ப்ரெஷன்' (காட்டப்பட்ட முறை) அதிகம், 'கிளிக்' குறைவு, இடமும் முதல் பக்கத்துக்குள் என்றால் தலைப்பை மாற்றி எழுதுங்கள். அதைவிட முக்கியம், உங்களிடம் தனிப் பக்கமே இல்லாத தேடல்கள். 'ஏற்காடு ஹோம்ஸ்டே வித் கிச்சன்' என்று தேடுகிறவர் குடும்பத்தோடு வருகிறவர், சமைத்துச் சாப்பிட நினைக்கிறவர். அடுப்பு, பாத்திரம், காய்கறி எங்கே கிடைக்கும் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டால் அவருக்கு விளம்பரமே வேண்டாம். தமிழ் எழுத்தில் தேடியவற்றையும் தனியாகப் பாருங்கள்.

ஜிஏ4 காட்டும் ஊர்ப் பெயரை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அது ஐபி எண்ணை வைத்துப் போடும் ஊகம். சேலத்தில் மொபைல் டேட்டாவில் இருப்பவரைச் சென்னை என்று காட்டலாம்.

எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க, வந்தவர் பக்கத்தில் செய்ததைப் பதிவுசெய்து காட்டும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம். பத்துப் பதிவுகளைப் போட்டுப் பாருங்கள். படம் திறக்காமல் வெள்ளையாக நிற்கும் பக்கத்தை ஒருவர் இரண்டுமுறை மேலும் கீழும் உருட்டிவிட்டுப் போவதைப் பார்த்தபிறகு, படத்தின் அளவைக் குறைக்கச் சொல்லி யாரும் உங்களை வற்புறுத்த வேண்டியிருக்காது.

8. எந்த நாளோடு எந்த நாளை ஒப்பிடுவது

திங்கள் முதல் ஞாயிறு வரை முழு வாரத்தை முழு வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதத்தில் ஐந்து சனிக்கிழமை, அடுத்ததில் நான்கு என்றால் மாதக் கணக்கே பொய் சொல்லும். ஜிஏ4 தேதிப் பெட்டியில் வார நாள் பொருந்த ஒப்பிடும் வசதி இருக்கிறது.

ஏற்காட்டுக்கு மே மாதம் கோடை விழாவும் பள்ளி விடுமுறையும் சேர்ந்த சீசன். ஜூன் பள்ளி திறந்ததும் என்கொயரி சரியும். அதைப் பார்த்து "விளம்பரம் ஓடவில்லை" என்று முடிவுகட்டுகிறவர்கள் வருடா வருடம் உண்டு. ஜூனைப் போன ஜூனோடுதான் வைக்க வேண்டும்.

கொலுசுக் கடைக்குக் கணக்கு வேறு. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் தொடங்கும். அட்சய திருதியை, தீபாவளி இரண்டும் ஆங்கிலத் தேதியில் வருடத்துக்கு வருடம் நகரும். ஆகவே 'போன வருடம் இதே தேதி' என்பதைத் தேர்ந்தெடுக்காமல், பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரத்தைப் பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரத்தோடு நீங்களே தேதி கொடுத்து ஒப்பிடுங்கள்.

9. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ரேட் பக்கம், விளம்பரப் படம், பட்ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை மாற்றி, தேதியோடு நோட்டில் எழுதி, இரண்டு முழு வாரம் விடுங்கள். வாரத்துக்கு மூன்று என்கொயரி ஐந்தானதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு சின்ன எண் தானாகவே ஏறி இறங்கும். சில வாரங்கள் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால்தான் பணத்தை நகர்த்துங்கள்.

மெட்டா விளம்பரத்தைத் தினமும் நோண்டக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஆட் செட் (ஒரே இலக்கு ஆட்களுக்குப் போகும் விளம்பரத் தொகுதி) நிலைப்பட, வாரத்தில் ஏறக்குறைய 50 முறை நீங்கள் கேட்ட செயல் நடக்க வேண்டும் என்கிறது மெட்டா. பெரிய மாற்றம் செய்தால் அந்தக் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நம் பட்ஜெட்டில் 50 எளிதில்லை. அதனால் சென்னைக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று என்று பணத்தைத் துண்டு போடாமல் ஒரே ஆட் செட்டில் வையுங்கள்.

கூகுள் விளம்பரத்தில் பலர் பார்க்காமல் விடுவது 'லொகேஷன் ஆப்ஷன்ஸ்'. தொடக்கத்தில் அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரம் போகும். கடைக்கு நேரில் வரும் ஆளை நம்பும் கொலுசுக் கடை, சேலத்தில் 'இருப்பவர்கள்' என்று சுருக்க வேண்டும். ஹோம்ஸ்டேக்கு வரப்போகிறவர் ஏற்காட்டில் இருக்கமாட்டார். அங்கே அதே சுருக்கம் தவறாகிவிடும்.

10. திரையையும் நோட்டையும் ஒத்துப் பாருங்கள்

மெட்டா, கூகுள், ஜிஏ4 மூன்றும் மூன்று எண் சொல்லும். மெட்டா வழக்கமாக விளம்பரத்தைத் தொட்டு 7 நாளுக்குள், அல்லது பார்த்து 1 நாளுக்குள் நடந்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஜிஏ4-இன் விதி வேறு. மூன்றையும் சமன் செய்ய முயலாதீர்கள். முடிவுக்கு நோட்டுதான் நடுவர்.

நோட்டில் ஐந்து பத்தி: தேதி, எங்கே பார்த்துக் கூப்பிட்டார், எந்த நாளுக்குக் கேட்டார், அட்வான்ஸ் போட்டாரா, போடவில்லை என்றால் ஏன். "எங்கே பாத்தீங்க?" என்று போன் எடுக்கிறவர் தவறாமல் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டும் வைக்கலாம்.

கணக்கு எப்படித் திரும்பும் என்று காட்ட, எளிய எண்களில் சொல்கிறேன். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 6,000 ரூபாய், வாட்ஸ்அப் கிளிக் 40. கூகுள் தேடல் விளம்பரத்துக்கு 4,000 ரூபாய், கிளிக் 16. திரையில் இன்ஸ்டாகிராம் கிளிக் 150 ரூபாய், கூகுள் கிளிக் 250 ரூபாய். கூகுளை நிறுத்தத் தோன்றும். நோட்டைத் திறந்தால் அட்வான்ஸ் போட்டவர் இன்ஸ்டாகிராமில் 4, கூகுளில் 5. ஒரு புக்கிங்குக்கு 1,500 ரூபாயும் 800 ரூபாயும். அதிலும் வார நாளுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள், இரண்டாவது படியில் எழுதிய முதல் வரிக்கு அங்கேதான் பதில்.

அக்காவின் நோட்டில் ஐந்தாவது பத்திதான் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அட்வான்ஸ் போடாதவர்கள் கேட்டுவிட்டுப் போனவை திரும்பத் திரும்ப மூன்றே: டிரைவர் தங்க இடம் உண்டா, அடுப்பு பயன்படுத்தலாமா, பெரிய வண்டி வாசல் வரை வருமா. ரேட்டைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அதனால் ரேட்டைக் குறைக்காமல், அந்த மூன்று பதிலையும் ரேட் பக்கத்தின் மேலேயே, வாட்ஸ்அப் பட்டனுக்கு முன்னால் எழுதினோம். மாற்றிய தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு, அன்றைக்கு விளம்பரத்தில் கை வைக்காமல் கணக்கை மூடினோம்.